மூலச் சான்றுகொண்டு வரலாறு கற்பித்தல்: ஐவர்மலைக் கல்வெட்டு ஒரு பாடம்

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் நடுநாயகமாக விளங்குவது நல்ஞானம். ஒரு பொருளைக் குறைத்தும் அறியாமல், கூட்டியும் அறியாமல், மாறுபடவும் அறியாமல், ஐயத்திற்கு இடமின்றி உள்ளது உள்ளவாறு அறிவதே நல்ஞானம் என்று சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இலக்கணம் வகுத்துள்ளார். இவ்விலக்கணம் ஆன்மிகத்திற்கு மட்டும் உரியதன்று. பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதனினும் சிறந்த வழிகாட்டி இல்லை எனலாம்.

ஆனால் நம் வகுப்பறைகளில் நடப்பது என்ன? பாடநூல் ஒரு செய்தியைச் சொல்லுகிறது. ஆசிரியர் அதனைத் திரும்பச் சொல்லுகிறார். பிள்ளைகள் அதனை விடைத்தாளில் எழுதுகின்றனர். அச்செய்தி எங்கிருந்து வந்தது, அதனை முதலில் சொன்னவர் யார், எந்த அளவிற்கு அதனை நம்பலாம் என்னும் வினாக்கள் எழுவதே இல்லை. வினா எழாத வகுப்பில் வரலாறு வெறும் கேள்விச் செல்வமாகவே நின்றுவிடுகிறது; கண்டறியும் கல்வியாக மலர்வதில்லை.

இக்குறையை நீக்க ஆசிரியப் பயிற்சி நூல்கள் கூறும் வழியே மூலச் சான்று முறை. இங்கிலாந்தில் கீட்டிங்கே என்னும் கல்வியாளர் 1910ஆம் ஆண்டிலேயே இம்முறையை விரிவாக எடுத்துரைத்தார். வரலாற்று ஆய்வாளர் கையாளும் சான்றுகளில் சிலவற்றை மாணவர் கையிலும் கொடுத்து, அவர்களையே சிந்திக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு இலண்டன் மாநகரத்து ஆவணக் காப்பகம் வேண்டுவதில்லை. திண்டுக்கல் சீமையில் வாழும் நமக்கு, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழனிக்கு அப்பால், கொழுமம் செல்லும் வழியில் நிற்கும் ஐவர்மலையே போதும்.

மூலச் சான்றும் வழிச் சான்றும்

முதலில் இவ்விரண்டின் வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர வேண்டும். ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்தில், அதனோடு தொடர்புடையவர்களால் உண்டாக்கப்பட்டது மூலச் சான்று. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், கடிதம், கிரயப் பத்திரம், கணக்குப் பேரேடு ஆகியவை இவ்வகையின. அவற்றைப் படித்துப் பிற்காலத்தார் எழுதியது வழிச் சான்று. நம் பாடநூல் வழிச் சான்று. நான் எழுதும் இக்கட்டுரையும் வழிச் சான்றே.

இதனை விளக்க வீட்டுப் பொருள்களே போதுமானவை. 'உங்கள் வீட்டை யார், எந்த ஆண்டில் வாங்கினார்?' என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வருமாறும், பின்னர் அதே செய்தியை வீட்டுப் பத்திரத்தில் பெரியோர் துணையுடன் பார்த்து எழுதி வருமாறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பணி கொடுப்பது வழக்கம். இரண்டும் ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒவ்வாதிருந்தால் இன்னும் பெரிய பாடம்! பத்திரத்தில் ஆண்டு சரியாக இருக்கும். ஆனால் அந்த வீட்டை வாங்குவதற்காகப் பாட்டி தம் சங்கிலியை விற்ற செய்தி பத்திரத்தில் இராது. ஒவ்வொரு சான்றும் தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும் என்பதைப் பிள்ளைகள் அன்றே கற்றுக்கொள்வர்.

ஐவர்மலை நமக்கு அளிக்கும் சான்று

ஐவர்மலையில் இயற்கையாக அமைந்த குகைத்தளமும், அதன் மேற்பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. பாண்டவர் ஐவரும் இங்குத் தங்கியிருந்தனர் என்பது மக்கள் நம்பிக்கை; திரௌபதியம்மன் வழிபாடும் இம்மலையில் உண்டு. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்றைக் கல்வெட்டுத் துறையினர் 1905இல் படியெடுத்து, அவ்வாண்டுப் பட்டியலில் 705ஆம் எண்ணாகப் பதிவு செய்தனர். அதன் செய்தி வருமாறு:

சக ஆண்டு 792 கழிந்தபோது, வரகுணனுக்கு ஆட்சியாண்டு எட்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், திருவயிரையில் உள்ள பார்சுவ படாரரின் திருவுருவத்தையும், இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். இரண்டிற்கும் இடையறாத அவிப் படையலுக்கும், ஓர் அடிகளின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் அமைக்கப்பட்டது.

இவ்வளவே கல்வெட்டு. சில வரிகளே ஆயினும் பாண்டியர் வரலாற்றுக்கு இது ஓர் ஊன்றுகோல். பாண்டியரின் கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னனின் ஆட்சியாண்டை மட்டுமே கூறும். அதனை நம் காலக் கணக்கிற்குக் கொண்டுவருதல் கடினம். இக்கல்லோ ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் ஒருங்கே தருகிறது. வரகுணன் என்ற பெயருடைய பாண்டியர் இருவருள் இவர் இரண்டாம் வரகுணன் என்றும், அவர் 862ஆம் ஆண்டளவில் அரியணை ஏறினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுவதற்கு இக்கல்வெட்டே துணைநின்றது.

பாடத்தை நடத்தும் முறை

ஹெர்பார்ட் வழியினர் வகுத்த ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல் என்னும் ஐந்து படிகளை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் யாவரும் அறிவர். அவ்வரிசையிலேயே இப்பாடத்தை அமைக்கலாம்.

முதற்படி ஆயத்தம். மேற்சொன்ன வீட்டுப் பத்திரப் பணியே ஆயத்தம். அதனுடன், வட்டெழுத்து அட்டவணை ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைத் தத்தம் பெயரை வட்டெழுத்தில் எழுதச் சொன்னால் வகுப்பு களைகட்டிவிடும். பழைய எழுத்தின்மேல் உள்ள அச்சம் அதனால் நீங்கும்.

இரண்டாம் படி எடுத்துரைத்தல். கல்வெட்டின் மைப்படி நிழற்படமோ, அச்சிட்ட வாசகமோ பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். ஆசிரியர் உடனே பொருள் கூறிவிடலாகாது. தெரிந்த சொற்களுக்கு அடியில் கோடிடச் சொல்ல வேண்டும். மாணாக்கர், யாண்டு, எட்டு, பொன், சோறு ஆகிய சொற்களைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வெட்டிய கல்லில் தாம் பேசும் சொற்களே இருப்பதைக் காணும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பை எந்தச் சொற்பொழிவாலும் உண்டாக்க இயலாது. அதன் பின்னரே படாரர், அவி, காணம் போன்ற அருஞ்சொற்களை விளக்க வேண்டும்.

அடுத்துக் கணக்கு. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் 870 வரும். அதிலிருந்து எட்டைக் கழித்தால் 862. 'எட்டாம் ஆண்டு முடிந்ததா, நடந்துகொண்டிருந்ததா? சக ஆண்டு சித்திரையை ஒட்டிப் பிறக்கிறது. நம் நாட்காட்டி ஆண்டு சனவரியில் பிறக்கிறது. அப்படியாயின் ஓர் ஆண்டு முன்பின் ஆகாதா?' என்று கேட்க வேண்டும். 862 என்பதன் முன் 'ஏறத்தாழ' என்ற சொல் ஏன் வருகிறது என்பது அப்போது விளங்கும். அச்சொல் அறியாமையின் அடையாளமன்று, நேர்மையின் அடையாளம்.

மூன்றாம் படி ஒப்பிடல். ஐவர்மலைக் கல்வெட்டின் அருகில் வேறிரு கல்வெட்டுகளை வைத்துப் பார்த்தல் நன்று. ஒன்று திருச்செந்தூர் முருகன் கோயிலில் உள்ள வரகுண மன்னனின் கல்வெட்டு. 1400 பொற்காசுகளை மன்னன் பல ஊர்ச் சபையாரிடம் முதலாக வைத்ததையும், காசொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும் என்பதையும் அது தெளிவாகக் கூறுகிறது. மற்றொன்று புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள சித்தன்னவாசல் கல்வெட்டு. வரகுணனின் தந்தையான சீமாற சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அங்குள்ள அருகர் கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபமும் எடுப்பித்ததை அது கூறுகிறது.

மூன்றையும் ஒப்பிட்டால் பிள்ளைகள் பலவற்றைத் தாமே கண்டறிவர். திருச்செந்தூரில் கொடையாளி மன்னன். ஐவர்மலையில் திருப்பணி செய்தவர் ஒரு துறவியின் மாணாக்கர். சித்தன்னவாசலில் ஓர் ஆசிரியர். திருச்செந்தூரில் வட்டி கூறப்பட்டுள்ளது. ஐவர்மலையில் பொன்னின் அளவு மட்டும் உண்டு, அதனை யாரிடம் ஒப்படைத்தனர் என்ற செய்தி இல்லை. ஐவர்மலை, சித்தன்னவாசல் ஆகிய ஈரிடங்களிலும் நடந்தது புதுப்பித்தல். எனவே அவற்றிற்கு முன்னரே அங்கு வழிபாடு இருந்திருக்க வேண்டும். இம்முடிவைப் பிள்ளைகளே சொல்லும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும்.

கல் சொன்னதும் கல் சொல்லாததும்

நான்காம் படியாகிய பொதுமைப்படுத்தலே இப்பாடத்தின் உயிர்நிலை. தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'கல் சொன்னது' என்றும், வலப்பக்கம் 'கல் சொல்லாதது' என்றும் தலைப்பிடச் சொல்ல வேண்டும்.

'வரகுண பாண்டியன் ஐவர்மலைச் சமணப் பள்ளிக்குப் பொன் வழங்கினான்' என்று ஒருவர் எழுதினால், அதனை எந்தப் பக்கத்தில் வைப்பது? கல்லில் மன்னன் பெயர் காலத்தைக் குறிக்கவே வருகிறது. அவன் கொடுத்தான் என்ற சொல் அங்கு இல்லை. வரகுணன் சிறந்த சிவபக்தன் என்பது சைவ மரபு. அத்தகைய மன்னனும் நம் பள்ளிக்குக் கொடை தந்தான் என்று கூறிக்கொள்ள நமக்கு ஆசை எழுவது இயல்பு. ஆயினும் கல் சொல்லாததை நாம் சொல்லலாகாது. அவன் ஆட்சியில், அவன் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டு, சமணப் பெரியார் ஒருவர் திருப்பணி செய்து அதனைக் கல்லிலும் பொறிக்க முடிந்தது என்பது வரையில் சொல்லலாம். அதுவே பெருமைக்குரிய செய்தி அன்றோ?

ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'சோறு பெற்ற அந்த ஓர் அடிகள் ஆணா, பெண்ணா, அம்மா?' என்று வினவினாள். வகுப்பு முழுவதும் மீண்டும் வாசகத்தைத் தேடியது. அடிகள் என்ற சொல் இருபாலார்க்கும் பொதுவாக நிற்கக்கூடிய மதிப்புச் சொல். ஆகவே கல் சொல்லவில்லை என்று முடிவாயிற்று. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்படும் பெண் துறவியர் பெயர்கள் பல வருகின்றன என்று நான் கூறியதும், 'அப்படியானால் பெண்ணாகவும் இருக்கலாம். ஆனால் எழுதக் கூடாது' என்றாள் அச்சிறுமி. இருக்கலாம் என்பதற்கும் இருந்தது என்பதற்கும் உள்ள இடைவெளியை அவள் அறிந்துகொண்டாள். சியாத்வாதத்தின் முதற்பாடம் அதுவே என்று கருதுகிறேன்.

இன்னும் கடினமான வினா ஒன்றையும் இங்கு மறைக்காமல் எடுத்துரைக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்ற கதையைக் கேளாத சமணக் குழந்தை இல்லை. அதனைக் கேட்டுச் சில குழந்தைகள் அஞ்சுகின்றனர். சிலர் சினம் கொள்கின்றனர். பள்ளியில் சைவக் குடும்பத்துப் பிள்ளை அருகில் அமர்ந்திருக்க, 'அது உண்மையா?' என்று நம் பிள்ளை கேட்டால் ஆசிரியர் என்ன செய்வது?

சான்றுகளைக் கால வரிசையில் வைப்பதே வழி. அக்கதையை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டது. அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் சமகாலக் கல்வெட்டு கிடைக்கவில்லை என்பதை வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். மறுபுறம் 870இல், அதாவது இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், பாண்டிய ஆட்சிக்கு உட்பட்ட ஐவர்மலையில் குருவும் மாணாக்கரும் இருந்தனர், திருவுருவங்கள் புதுப்பிக்கப்பட்டன, துறவிக்குச் சோறு தடையின்றி அமைந்தது. ஆகவே பாண்டிய நாட்டில் சமணம் ஏழாம் நூற்றாண்டோடு அடியோடு அழிந்தது என்பதை ஐவர்மலைக் கல் மறுக்கிறது.

ஆனால் அதற்குமேல் ஒரு படியும் ஏறலாகாது. கொடுமை எதுவும் நடக்கவே இல்லை என்று இக்கல் சொல்லவில்லை. நடந்தது என்றும் சொல்லவில்லை. அது குறித்து இக்கல் வாய் திறக்கவே இல்லை. இவ்வாறு கற்பித்தால் நம் பிள்ளை அச்சமும் சினமும் நீங்கித் தெளிவு பெறும். அருகில் அமர்ந்த பிள்ளையும் தலைகுனிய நேராது. இருவரும் ஒரே கல்லை நோக்கி ஒரே வினாவைக் கேட்பர். வகுப்பறையில் அகிம்சை என்பது இதுவே.

நம் சமயத்தின் பெருமையைக் கூட்டிச் சொல்லுவதால் பிள்ளைகளுக்கு நன்மை விளையும் என்று சில பெரியோர் கருதக்கூடும். அது தவறு என்பதே என் பணிவான கருத்து. கூட்டிச் சொன்னது ஒருநாள் பொய் என வெளிப்படும்போது, அதனோடு நாம் சொன்ன மெய்களையும் பிள்ளைகள் ஐயுறுவர். 505 காணம் பொன்னை ஐயாயிரம் என்று சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை.

அறிஞர் மாறுபடும்போது

மூலச் சான்று கையில் இருந்தாலும் அறிஞர் கருத்துகள் மாறுபடலாம். இதற்கும் நம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. பழனிக்கு அருகில் உள்ள பொருந்தல் என்னும் ஊரில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. ஈமக்குழி ஒன்றில் நெல்மணிகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த புரிமனையும் கிடைத்தன. நெல்லை அறிவியல் முறையில் ஆய்ந்தபோது கி.மு. 490 என்ற காலம் கிடைத்தது. தமிழ் எழுத்தின் பழமைக்கு இது சான்று என்றார் அகழாய்வாளர். ஓரிரு காலக் கணிப்புகளைக் கொண்டு முடிவு கட்டலாகாது, மேலும் சான்றுகள் வேண்டும் என்றனர் வேறு சிலர். பொருள் ஒன்றே, நோக்குகள் பல. அநேகாந்தம் கற்ற நம் பிள்ளைகள் இதனைக் கண்டு திகைக்க மாட்டார்கள். ஒவ்வொரு நோக்கிற்கும் உரிய காரணத்தைக் கேட்டு எழுதுவதே அவர்கள் செய்ய வேண்டுவது.

பயன்படுத்தலும் பாதுகாத்தலும்

ஐந்தாம் படி பயன்படுத்தல். பாடம் முடிந்தபின் இயன்றால் பிள்ளைகளை ஐவர்மலைக்கு அழைத்துச் செல்லலாம். கல்லில் திருவயிரை என்றிருக்க, மக்கள் வழக்கில் ஐவர்மலை என வழங்குவதைச் சுட்டி, பெயர் எவ்வாறு மாறியிருக்கலாம் என்று சிந்திக்கச் செய்யலாம். பாண்டவர் கதையை எள்ளி நகையாடலாகாது. அதுவும் மக்கள் அம்மலையைப் போற்றிய வகைக்கு ஒரு சான்றே. ஆனால் வேறு வகைச் சான்று என்று பிரித்துணர்த்தினால் போதும்.

எழுத்துகள் தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியால் அவற்றின் மேல் எழுதுதல், எண்ணெய் தடவுதல், நீர் தெளித்துத் தேய்த்தல் ஆகியவை கூடவே கூடா. காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது எழுத்துகள் தாமே தெரியும். கல்வெட்டின்மேல் தம் பெயரைக் கீறுவோர் எல்லா ஊரிலும் உளர். மூலச் சான்றின் அருமையை வகுப்பறையில் உணர்ந்த பிள்ளை அத்தகைய செயலில் ஈடுபடாது; ஈடுபடுவோரையும் தடுக்கும். கல் சிதைந்தால் அதனை மீண்டும் எழுத எவராலும் இயலாது. ஒரு கல்வெட்டு அழிந்தால் ஒரு சாட்சி இறந்ததற்கு ஒப்பாகும்.

நம் வீடுகளிலும் இத்தகைய சாட்சிகள் உள்ளன. பழைய பேரேடுகள், திருமண அழைப்புகள், திருப்பணி வரவு செலவுக் குறிப்புகள், ஏட்டுச் சுவடிகள் ஆகியவற்றைப் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடும் முன்னர் ஒருமுறை பிள்ளைகளிடம் காட்டுங்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, எதற்காக எழுதியது என்ற மூன்று வினாக்களை அவர்கள் கேட்கட்டும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கான பயிற்சி

1. சக ஆண்டு 792, வரகுணனின் ஆட்சியாண்டு எட்டு. இவ்விரண்டினின்று அவன் ஆட்சிக்கு வந்த ஆண்டைக் கணக்கிடுக. 'ஏறத்தாழ' என்ற சொல்லை ஏன் சேர்க்க வேண்டும்?

2. ஐவர்மலைக் கல்வெட்டு கூறும் இரு துறவியரின் பெயர்களையும், அவர்களிடையே உள்ள உறவையும் எழுதுக.

3. 'கல் சொன்னது', 'கல் சொல்லாதது' என்னும் தலைப்புகளில் மும்மூன்று செய்திகள் எழுதுக.

4. திருச்செந்தூர்க் கல்வெட்டின்படி 1400 காசுகளுக்கு ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் வட்டியாகும்? ஐவர்மலைக்கு இத்தகைய கணக்கை ஏன் செய்ய இயலாது?

5. உங்கள் வீட்டில் உள்ள பழைய ஆவணம் ஒன்றைப் பெற்றோர் துணையுடன் பார்த்து, அதனை எழுதியவர், காலம், நோக்கம் ஆகியவற்றைக் குறித்து வருக.

பெற்றோரும் ஆசிரியப் பெருமக்களும் வரும் விடுமுறையில் இப்பயிற்சியை நம் பாடசாலைகளில் நடத்திப் பார்க்க வேண்டுகிறேன். விடைகளைத் திருத்தும்போது, நிறையச் சொன்ன பிள்ளையைப் பாராட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். சான்று முடிந்த இடத்தில் தன் எழுதுகோலையும் நிறுத்திய பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாக வழங்குங்கள். குணவீரரின் மாணாக்கர் சாந்திவீரர் தம் கடமையைச் செய்து, செய்ததை மட்டும் கல்லில் பொறித்துச் சென்றார். நம் மாணாக்கரும் கண்டதைக் கண்டவாறு சொல்லக் கற்பார்களாக.

அறம் வளர்க! நல்ஞானம் ஓங்குக!